பழி மலைமேல்; பிழை வயரில்!

செஞ்சியில் எதற்கெடுத்தாலும் மலையைக் காட்டுவது வழக்கம். வெயில் கொளுத்தினால் மலை. செல்போன் எடுக்காவிட்டால் மலை. நான் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கி, மாடியில் ஏரியல் கட்டி, காதில் கரகரப்பைத் தவிர வேறொன்றும் விழாமல் உட்கார்ந்திருந்தபோதும் அக்கம்பக்கத்தார் அதையேதான் சொன்னார்கள்: "சுற்றிலும் கோட்டை மலை. எப்படி சார் எடுக்கும்?"

நானும் நம்பினேன். இரண்டு மாதம் வீணாயிற்று.

'ஹாம்' என்று சொல்லப்படும் இந்த அமெச்சூர் ரேடியோ, வியாபாரம் அல்ல. மத்திய அரசின் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெற்றவர், தம் வீட்டிலிருந்தே தம்மைப் போன்ற மற்றவர்களுடன் பேசுவது. நடுவில் கம்பெனியும் இல்லை, கோபுரமும் இல்லை. ஒரு பெட்டி, ஒரு பாட்டரி, ஒரு கம்பி, அவ்வளவுதான்.

மலையின் குற்றம் எவ்வளவு?

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். 144 மெகாஹெர்ட்ஸில் பேசும் சின்னக் கைக்கருவியின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மலை மறித்தால் தவிக்கும். அந்தமட்டில் மலையைக் குறை சொல்வது நியாயம்.

ஆனால் 7 மெகாஹெர்ட்ஸ் அலை வேறு ரகம். தாழ்வாகக் கட்டிய கம்பியிலிருந்து அது நேரே வானத்துக்கு ஏறும். தரைக்கு மேல் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பகலில் சில நூறு கிலோமீட்டர் வட்டாரத்துக்குக் குடை விரித்தாற்போல் இறங்கும். வானத்துக்குப் போய் வருகிறவனைக் கோட்டை மதில் தடுக்குமா?

உண்மைக் குற்றவாளிகள்

முதல் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருந்தான். கருவியைப் பாட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். பாதி இரைச்சல் போய்விட்டது! பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு வந்ததில், மாடிப்படி எல்.ஈ.டி. விளக்கு அகப்பட்டது. செல்போன் சார்ஜர், இன்வர்ட்டர் இவையும் இதே ஜாடைதான். வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தேட, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் மத்திய அலையை வைத்துக்கொண்டு நடந்தால் போதும். கரகரப்பு கூடும் இடமே களவாணி இருக்கும் இடம்.

இரண்டாவது, இணைப்பு. ஐப்பசி மழை கேபிளின் முனைக்குள் புகுந்திருந்தது. வெட்டிப் பார்த்தால், செம்பு வலை கறுத்துக் கிடக்கிறது! கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, புதிதாக ஈயம் பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி டேப் சுற்றினேன்.

மூன்றாவது, கம்பியின் அளவு. 468-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஏரியலின் நீளம் அடிக்கணக்கில் வரும். 7.1-க்கு ஏறத்தாழ 66 அடி, பக்கத்துக்கு 33. முதலில் ஓர் அடி கூட்டியே வெட்ட வேண்டும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள் எந்த மெகாஹெர்ட்ஸில் மிகக் குறைவாக நிற்கிறது என்று பார்க்கவேண்டும். 7-க்குக் கீழே என்றால் கம்பி நீளம், கொஞ்சம் நறுக்கலாம். 7.2-க்கு மேலே என்றால் குட்டை, ஒட்டுப் போடவேண்டும்.

இதில் ஒரு மோசடியும் உண்டு. தண்ணீர் புகுந்த கேபிள் சக்தியைத் தானே தின்றுவிட்டு, மீட்டரில் நல்ல பிள்ளையாக நடிக்கும். ஆகவே மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், காதையும் நம்புங்கள்.

இவ்வளவும் செய்த மறுநாள் காலை, கோயமுத்தூரிலிருந்து ஒருவர் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் பேசினார். மலை இருந்த இடத்திலேயேதான் இருந்தது!

இடையில் ஒரு கடைக்காரர், "சக்தி கூடிய கருவி வாங்குங்கள்" என்று யோசனை சொல்லியிருந்தார். காது கேளாதவன் உரக்கக் கத்தினால் அவனுக்குக் காது கேட்டுவிடுமா? புதிதாக வருகிறவர்கள் பணத்தைப் பெட்டியில் கொட்டாமல், கம்பியிலும் பொறுமையிலும் போடவேண்டும் என்பது என் கருத்து.

பொழுதுபோக்கு மட்டுமா?

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தது. நமக்கு அருகேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! மின்சாரம் நின்றால், செல்போன் கோபுரமும் தன் பாட்டரி தீரும்வரைதான் நிற்கும். பிறகு யார் யாரைக் கூப்பிடுவது?

2004 டிசம்பர் 26-ல் சுனாமி தாக்கியபோது, போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் வைத்திருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும், தீவில் தவித்தவர்களைப் பற்றிய செய்திகளைத் தாய்நாட்டுக் கரைக்கு அனுப்பினார்கள். விளையாட்டாகக் கட்டிய ஏரியல், ஒரே நாளில் உயிர்நாடி ஆயிற்று.

ஆனால் அன்று பயன்பட வேண்டுமானால், இன்றே அது பழுதில்லாமல் இருக்கவேண்டும். புயலன்று வந்து கேபிளை வெட்டிப் பார்க்க முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். செஞ்சி வட்டாரத்துப் பள்ளி, கல்லூரிகளில் ஒன்றிலாவது ஒரு ஹாம் நிலையம் அமையவேண்டும். ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலரும் பரீட்சை எழுதட்டும். ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன், கம்பியும் இணைப்பும் பாட்டரியும் சோதிக்கப்படட்டும். மின்கம்பிக்கு அருகே ஏரியல் கட்டவேண்டாம். இடி இடித்தால் கேபிளைக் கழற்றிவிடவேண்டும். கோட்டைக் கல்லில் ஓர் ஆணியும் அடிக்கவேண்டாம். 2025-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோட்டை அது. இரண்டு வேப்பமரம் இருந்தால் ஏரியலுக்குப் போதும்.

கோட்டை கட்டியவர்கள், எதிரி வந்த பிறகு மதில் எழுப்பவில்லை. செஞ்சிக்காரர்களுக்கு அதை நான் சொல்லவும் வேண்டுமா?