தாலி செல்லாது என்பவர்களுக்கும் தாலி போதும் என்பவர்களுக்கும்

புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கும் பெண்ணிடம், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, "உங்களுக்குத்தான் எழுத்து இல்லையே, அப்படியென்றால் நீங்கள் சட்டப்படி மனைவி இல்லை" என்று சொல்லும் உத்தியோகத்தர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. அது பொய். தெரியாமல் சொன்னால் அறியாமை, தெரிந்தே சொன்னால் அயோக்கியத்தனம்.

இந்த நாட்டில் பொது விவாகங்களுக்கான சட்டம் 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். பதிவு செய்யாத கலியாணம் கலியாணமே அல்ல என்று அதில் எங்கும் எழுதியில்லை. ஒரு விவாகத்துக்கு நீதிமன்றத்தில் மிகச் சிறந்த சாட்சி பதிவேட்டுக் குறிப்பு என்றுதான் அது சொல்கிறது. சிறந்த சாட்சி வேறு, ஒரே சாட்சி வேறு. வழக்கப்படி தாலி கட்டி, கூறை கொடுத்து, ஊர் அறியப் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்தவர்களைத் தம்பதிகள் என்று இலங்கை நீதிமன்றங்கள் ஏற்றுத் தீர்ப்புக் கொடுத்தே வந்திருக்கின்றன. ஆகவே, தோழியரே, யாராவது உங்களிடம் "நீ மனைவி இல்லை" என்று சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வராதீர்கள். அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். தரமாட்டார்கள்.

இதைச் சொன்னதும் தோட்டத் தலைவர்களில் சிலருக்குச் சந்தோஷமாக இருக்கும். "பாத்தீங்களா டீச்சர், நாங்க சொன்னதுதானே? தாலி கட்டியாச்சு, ஏழு லயமும் வந்து சாப்பிட்டுட்டுப் போச்சு, இனி எழுத்து எதுக்கு?" என்று கேட்பார்கள். இந்தக் கட்டுரையில் எனக்கு உண்மையான சண்டை அவர்களோடுதான். கிளாக்கரோடு சண்டை பிடிப்பது சுலபம். நம்முடைய கமிட்டிக்குள் இருக்கும் இந்த அலட்சியத்தோடு சண்டை பிடிப்பதுதான் கஷ்டம்.

எங்கள் பகுதியில் ஒரு அம்மா. பெயரும் தோட்டமும் வேண்டாம், நான் சொல்லாமலே பலருக்குத் தெரியும், தெரியாதவர்கள் தங்கள் தோட்டத்தில் ஒருத்தரை நினைத்துக்கொள்ளலாம். ஒரே லயக்காம்பராவில் முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தினார். புருஷன் தொழிற்சாலையில் வேலை செய்து இறந்துபோனார். ஊழியர் சேமலாப நிதிக்காக அந்த மனிதரின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் 8 வீதம் கழித்தார்கள், கம்பனி 12 வீதம் போட்டது. கழிக்கும்போது யாரும் விவாகச் சான்றிதழ் கேட்கவில்லை. கொடுக்கும்போது கேட்டார்கள். அவர் பின்னுரித்தாளியாக எழுதிக் கொடுத்திருந்தது தன் தாயின் பெயரை. இளந்தாரியாக வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதியது, தாய் செத்துப் பல வருடம். கிராம உத்தியோகத்தரின் கடிதம், தோட்டத்தின் கடிதம், சத்தியக் கடதாசி, சட்டத்தரணி, கடைசியில் மாவட்ட நீதிமன்றம். கலியாணத்துக்கு வந்த ஆட்களில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. போய்வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பேர் போனது. எத்தனை பேர் போனது என்று எண்ணுவதை அவரே நிறுத்திவிட்டார்.

அவர் மனைவிதான் என்பதைச் சட்டம் ஒருநாளும் மறுக்கவில்லை. நிரூபி என்றது, அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் ஒரு ஏழையின் இரண்டு வருடம் போய்விடும். பதிவேட்டில் ஒரு வரி இருந்திருந்தால் ஒரு காலையில் முடிந்திருக்கும் காரியம் இது.

சேமலாப நிதி மட்டுமல்ல. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் வேலை செய்தவருக்குரிய சேவைக்காலப் பணம், அவர் இறந்தால் உரித்தாளிக்கு. வேலையில் விபத்து நடந்து உயிர் போனால் தங்கியிருப்போருக்கு நட்டஈடு. இப்போது காணி, வீடு, உறுதி என்று பேச்சு நடக்கிறது. உயில் எழுதாமல் இறந்தவருடைய சொத்தில் பாதி அவருடைய மனைவிக்கு அல்லது கணவனுக்கு என்பது 1876 ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். நம்மிடம் சொத்தே இல்லாதபோது அந்தச் சட்டம் நமக்கு எதற்கும் உதவவில்லை. இனி உறுதி வரும்போது, வீட்டுக்காரர் கண்ணை மூடினால், எழுத்து இல்லாத பெண் தன் கொழுந்தனோடும் மச்சானோடும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும். இளம் பெண்களுக்கு இன்னொன்று. கலியாணம் காரணமாக வேலையை விட்டு நிற்கும் பெண் தன் சேமலாப நிதியை வயதெல்லை வரும்வரை காத்திராமல் எடுக்கலாம். சான்றிதழ் இருந்தால் எடுக்கலாம். (பிரசவக் கொடுப்பனவுக்கு மட்டும் தாலியும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். அதற்குச் சான்றிதழ் கேட்டால் உடனே எங்களிடம் வாருங்கள்.)

பணத்தைவிட எனக்கு வலிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. தரம் ஒன்றுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் மாதத்தில் பிறப்புச் சான்றிதழ்கள் என் கைக்கு வரும். அதில் "பெற்றோர் விவாகம் செய்தவர்களா" என்று ஒரு கூடு. நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அந்தக் கூட்டில் "இல்லை" என்று விழுந்திருக்கிறது தெரியுமா? கோயிலில் தப்படித்து, மாலை மாற்றி, தோட்டமே கூடி நடந்த கலியாணம். பதிவாளரின் புத்தகத்தில் "இல்லை". விவாகம் இல்லையென்று விழுந்துவிட்டால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்து வைத்தால்தான் தகப்பன் பெயரை எழுதுவார்கள். தகப்பன் அன்று கொழும்பில் கடையில் நின்றிருந்தால், அந்தக் கூட்டில் ஒரு கோடு. அந்தக் கோட்டோடு அந்தப் பிள்ளை அடையாள அட்டைக்குப் போகும், பாஸ்போர்ட்டுக்குப் போகும், கலியாணத்துக்குப் போகும். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் வயதில் முதல்முறையாக அதை வாசித்துவிட்டு, "டீச்சர், இதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள், தலைவரே?

இந்த நிலைமை நம்முடைய சோம்பேறித்தனத்தால் மட்டும் வந்ததல்ல. தோட்டத்தில் ஒரு பிறப்போ இறப்போ நடந்தால் அதை அறிவிக்கும் கடமையை 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் தோட்டத்துரையின் தலையில் வைத்தது. பிறந்தால் எழுதினார்கள், செத்தால் எழுதினார்கள், ஏனென்றால் துரைமாருக்கும் அரசாங்கத்துக்கும் எத்தனை கை கூடியது, எத்தனை கை குறைந்தது என்ற கணக்கு வேண்டும். கலியாணத்தால் செக்றோலில் ஒன்றும் கூடவோ குறையவோ செய்வதில்லை. ஆகவே அதற்கு எந்தத் துரைக்கும் கடமை இல்லை. பதிவாளர் டவுனில், நாம் மலையில்.

ஆனால் அதே அரசாங்கம் நம்மைக் கழித்துவிட நினைத்தபோது கலியாணம் திடீரென்று அதற்கு முக்கியமாகிவிட்டது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், விவாகமானவர் 7 வருடமும் விவாகமாகாதவர் 10 வருடமும் இங்கே தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும் என்றது. பெண்சாதி பிள்ளைகளும் இங்கேயே வாழ்ந்தார்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. எழுத்தறியாத மனிதர்களிடம் கடதாசி கேட்டார்கள். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பம் போனது, கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. நம் பாட்டன்மார் "கடதாசி என்றாலே நம்மைப் பிடிக்கிற வலை" என்று ஒதுங்கிப்போனதில் ஆச்சரியமில்லை. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 2003 இல் குடியுரிமைப் பிரச்சினை சட்டத்தால் முடிந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்தப் பயத்தையே வைத்துக்கொண்டிருந்தால் லாபம் நமக்கல்ல, பணத்தைக் கொடுக்காமல் வைத்திருப்பவர்களுக்கு.

இதை நான் மண்டூரில், விடுமுறைக்கு வந்த இடத்தில் எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயலும் கந்தசுவாமி கோயிலும் உள்ள ஊர். குருமண்வெளிப் பாதையில் ஏறி மறுகரைக்குப் போவோம் (எங்கள் ஊரில் வாவியைக் கடக்கும் மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர்). இங்கே பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். வீடு பெண்ணின் பெயரில், நொத்தாரிசிடம் எழுதிய உறுதியோடு. அதனால் கலியாணம் பேசும்போதே "எழுத்து எப்போ?" என்ற கேள்வியும் கூடவே வரும். தாலிக்கு எவ்வளவு மரியாதையோ எழுத்துக்கும் அவ்வளவு. மண்டூர்ப் பெண்கள் மலையகப் பெண்களைவிடக் கெட்டிக்காரிகள் என்பதல்ல காரணம். அவர்களுக்கு எழுதி வைக்க ஒரு வீடு இருந்தது.

இங்கும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. 1978 சூறாவளியிலும் பிறகு யுத்தத்திலும் ஓடிய குடும்பங்கள் கடதாசிகளைத் தொலைத்தன. காணாமல்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2010 இல் தனியாக ஒரு தற்காலிகச் சட்டம் வந்தபோது, அவருக்கு நான்தான் மனைவி என்று காட்ட முடியாமல் நின்ற பெண்களை இந்தப் பக்கமும் பார்த்திருக்கிறோம். 1977 இலும் 1983 இலும் மலையகத்தில் அடிபட்டுக் கிழக்குக்கு வந்த நம் ஆட்களுக்கு இரட்டிப்புக் கஷ்டம். கலியாணம் நடந்த தோட்டம் ஒரு மாகாணத்தில், வாழ்வது இன்னொரு மாகாணத்தில், சாட்சி சொல்லக்கூடியவர்களில் பாதிப்பேர் இந்தியாவில்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். மண்டூருக்குரிய போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் வெல்லாவெளியில் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டில் அந்தப் பிரிவின் சனத்தொகை நாற்பதாயிரத்துக்கும் குறைவு. உள்ளே போனால் தமிழில் பேசலாம். அதே வருடம் நுவரெலியாப் பிரதேச செயலகப் பிரிவில் 2 இலட்சத்துக்கும் மேல், அம்பகமுவவிலும் 2 இலட்சத்துக்கும் மேல். ஐந்து மண்டூர்ப் பக்கங்களை ஒரு காரியாலயத்துக்குள் அடைத்ததுபோல. பிறகு புதிய செயலகங்கள் அறிவிக்கப்பட்டன. ஆனால் தமிழ் தெரிந்த உத்தியோகத்தரும் அறிவித்தலோடு சேர்ந்து வந்துவிடுவதில்லை. 1999 இலேயே இவை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் வந்தவை. இன்றைக்கும் சிங்களத்தில் நிரப்பிய படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து வைக்கிறோம். ராமாயி ரமய்யா ஆகிறாள். செக்றோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, சான்றிதழில் மூன்றாவது. பிறகு மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மறுபடி சத்தியக் கடதாசி.

ஆண்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. எழுத்து வேண்டாம் என்று சொல்பவர்கள் எல்லோரும் காசும் நேரமும் இல்லாமல்தான் சொல்கிறீர்களா? சிலர் வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எழுதிய கலியாணத்தை மாவட்ட நீதிமன்றத்தில் காரணம் காட்டித்தான் முறிக்கலாம். எழுதாததைத் தைப்பூசத்துக்கு ஊருக்கு வராமல் விட்டே முறித்துவிடலாம். முதல் தாரம் இருக்க இன்னொருத்தியைக் கட்டுவது குற்றம்தான். ஆனால் முதல் கலியாணத்துக்கு எழுத்து இல்லாவிட்டால் அதைக் காட்டும் பாரம் விட்டுப்போனவன் மேல் இல்லை, விடப்பட்டவள் மேல். கமிட்டியில் உட்கார்ந்து சமரசம் பேசும் நமக்கு இது தெரியாதா?

செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், இது 1995 இலிருந்து சட்டம். குறைந்தது 10 நாள் வதிந்த பிரிவின் விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து, 12 நாள் கழிந்தபின் இரண்டு சாட்சிகளோடு எழுதலாம். இருபது வருடம் வாழ்ந்தவர்களும் எழுதலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதியபின் பிள்ளைகளின் பிறப்புப் பதிவைத் திருத்தவும் விண்ணப்பிக்கலாம். கையெழுத்துக்கு முன் இருவர் பெயரையும் அடையாள அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள். "நான் எடுத்துத் தருகிறேன்" என்று பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் புரோக்கரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பழைய பதிவின் பிரதி வேண்டுமென்றால், அது கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம். புருஷன் இறந்து எழுத்தும் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே காசு கேட்கமாட்டார்கள்.

தலைமைக் காரியாலயத்துக்கு என் கேள்வி வேறு. சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது நாம் நூறு கோரிக்கை கொண்டுபோகிறோம். எழுத்துக்குப் போகும் தம்பதிக்கு அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும் என்று ஒருமுறையாவது கேட்டோமா? தோட்டத்துக்கே பதிவாளர் வரும் நடமாடும் சேவையைப் பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கேட்டோமா? தமிழ் தெரிந்த பதிவாளர் இல்லாத பிரிவுகளின் பட்டியலாவது நம்மிடம் இருக்கிறதா? சந்தாவை மாதாமாதம் சம்பளத்திலேயே வெட்டி எடுக்கிறோம். அந்தப் பெண் நீதிமன்றப் படியேறியபோது கூடப் போனது அவருடைய மகள், சங்கம் அல்ல.

தோட்டக் கமிட்டிகளுக்கு இந்த மாதத்துக்கு ஒரு வேலை. மாதர் தலைவி லயம் லயமாகப் போய், எழுத்து இல்லாத குடும்பங்கள் எத்தனை, பெயர் பிழையானவை எத்தனை, சேமலாப நிதிக்கு இன்னும் செத்த தாயின் பெயரை வைத்திருப்பவர்கள் எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதி, மாவட்டக் காரியாலயத்தில் கொடுக்க வேண்டும். முதல் பக்கத்தில் தோட்டத் தலைவர் தன் வீட்டு விபரத்தை எழுதட்டும். கொப்பி வராத தோட்டங்களின் பெயரை அடுத்த இதழில் இதே இடத்தில் போடச் சொல்லி ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன்.