யாரையும் கேட்காத வண்டி

சென்னையில் அந்த வாடகை காரை எடுத்தபோது எனக்கு வைக்கப்பட்ட பரீட்சை மொத்தம் ஆறு நிமிடம். லைசென்ஸைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும், செல்போனில் முகத்தைக் காட்ட வேண்டும், வண்டியைச் சுற்றி எட்டு போட்டோ எடுக்க வேண்டும். இடப்பக்கக் கதவில் முன்பே இருந்த கீறலும், பின் பம்பரில் பட்டாணி அளவுக்கு இருந்த நசுங்கலும் முறையாகப் பதிவாயின. எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. மலையில் ஓட்டிப் பழக்கம் உண்டா என்றும் கேட்கவில்லை. இதுமாதிரி செயலிகளை எழுதிப் பிழைப்பவன் நான். அன்று அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. என்ன சுத்தமாகச் செய்திருக்கிறான் என்று மனசுக்குள் பாராட்டினேன்.

ஐந்து நாள் பயணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனுஷ்கோடி வரை, அங்கிருந்து மதுரை, வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல். தனி ஆள், தானியங்கி கியர் வண்டி, கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து நம்பர்.

இப்படிப் போய்வந்தவர்கள் எழுதுவதை நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் 'சுதந்திரம்' என்ற சொல் வரும். 'என்னை நானே கண்டுகொண்டேன்' என்று ஒரு வரி வரும். நானும் அப்படி ஒன்று எழுதும் உத்தேசத்தில்தான் கிளம்பினேன். இப்போது எழுதுவது அதற்கு எதிரானது. வாடகை கார் நமக்கு விற்பது சுதந்திரத்தை இல்லை. யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்ற வசதியைத்தான் விற்கிறது. இரண்டும் ஒன்று என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

பஸ்ஸில் போனால் கண்டக்டரைக் கேட்க வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் நம்மைக் கேட்பார். காரில் அந்தத் தொல்லை இல்லை. மரக்காணம் உப்பளங்களைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தேன். வேதாரண்யத்திலும் அப்படியே. வெயிலில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாளில் நான் வாய்திறந்து பேசியது பெட்ரோல் பங்கிலும் ஓட்டலிலும் மட்டும்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதன்பிறகு அந்த ஊர் வசிக்கத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு இருக்கின்றன. 2017 இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன்னால், மணலில் ஓடிய உள்ளூர் வேன்களில்தான் போக வேண்டும். எந்த இடத்தில் மணல் வாங்கும், எந்த நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அந்த டிரைவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. இப்போது முனை வரை காரிலேயே போய், போட்டோ எடுத்து, திரும்பிவிடலாம். நானும் போனேன், எடுத்தேன், திரும்பினேன். இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் சங்கு விற்ற அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

கடற்கரையில் கேட்காமல் போனால் நஷ்டம் நமக்கு மட்டும்தான். மலையில் அப்படி இல்லை.

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வாங்க வேண்டும். சுதந்திரம் போச்சு என்று என் நண்பர்கள் புலம்பினார்கள். எனக்கு அந்தப் புலம்பலில் சம்மதமில்லை. ஒரு மலையூர் தாங்கக்கூடிய வண்டிகளுக்கு அளவு உண்டு. என் புகார் வேறு. நான் நிரப்பிய படிவம் வண்டி நம்பரைக் கேட்டது, எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்டது. இறங்கத் தெரியுமா என்று அதுவும் கேட்கவில்லை. வண்டிகளை எண்ணுகிறோம், ஓட்டுகிறவனைப் பார்ப்பதில்லை.

கணக்குப் போட்டுச் சொல்கிறேன். ஆளோடும் சாமானோடும் சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார், கொடைக்கானலிலிருந்து அடிவாரத்துக்கு ஏறத்தாழ 1800 மீட்டர் இறங்குகிறது. அந்த ஆற்றல் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். முழுவதும் வெப்பமாக மாறினால் சுமார் 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். தாழ்ந்த கியரில் இறங்கினால் பெரும்பகுதியை என்ஜின் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 'டி'யில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அத்தனை சூடும் உள்ளங்கை அளவு பிரேக் பேடுகள் தலையில் விழும். என் வண்டியிலும் கையால் கியரை இறக்கும் வசதி இருந்தது. இது எல்லாம் எனக்குப் பாடத்தில் தெரியும், இன்ஜினியரிங் பட்டம்கூட இருக்கிறது. காலுக்குத் தெரியவில்லை.

பெருமாள்மலை தாண்டியதும் தீய்ந்த வாடை வந்தது. வெளியே யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். டம்டம் பாறைக்கு முன்னால் ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன், மிதி பஞ்சுபோல உள்ளே போனது. எதிரே அரசு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவன்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நின்றது அந்த பஸ்தான். நான் கைபிரேக்கை இழுத்து, வண்டியை மலைப்பக்கச் சாக்கடையில் உரசி நிறுத்தியபோது, இடையில் ஒரு ஆள் படுக்கும் இடம் இருந்தது. ஜன்னல்களில் முகங்கள். ஒரு பள்ளிக்கூடப் பையன் என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

பஸ் டிரைவர் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகவே சொன்னார்: "கருப்பு போர்டா? தம்பி, எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்லதான் இறங்கணும். அரைமணி நேரம் நில்லுங்க. தண்ணி கிண்ணி ஊத்திராதீங்க." அவ்வளவுதான். என் ஐந்து நாள் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே அறிவு அது. முதல்நாள் ஏறும்போது அடிவாரத்துக் காட்ரோட்டில் ஒரு டீக்கடையில் நின்று கேட்டிருந்தால் பத்து ரூபாய் டீயோடு கிடைத்திருக்கும்.

இதைச் சொன்னபோது ஒரு தோழி கோபப்பட்டாள். "உனக்கென்ன, நீ ஆம்பள. டீக்கடையில் நான் நின்னா எல்லாரும் என்னைத்தான் கேள்வி கேப்பாங்க. யாரு, தனியா எங்க போற, கல்யாணம் ஆச்சான்னு. கார் கண்ணாடிதான் எனக்குச் சுதந்திரம்." அவள் சொல்வது உண்மை. நம் ஊரில் 'நீங்க எந்தப் பக்கம்?' என்று ஆரம்பிக்கும் கேள்வி எந்த ஜாதி என்பதில் போய் முடியும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்க ஒருவருக்குக் கார் வேண்டுமென்றால் அது நியாயமான தேவை.

ஆனால் இரண்டையும் குழப்பக் கூடாது. நம்மை யாரும் விசாரிக்கக் கூடாது என்பது உரிமை. நாம் யாரையும் கேட்க மாட்டோம் என்பது திமிர். வாடகை கம்பெனிகள் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கின்றன. பம்பர் கீறலுக்கு எட்டு போட்டோ கேட்கிற செயலியில், மலைக்குப் போகிறீர்களா என்று ஒரு கேள்வி சேர்க்க ஒரு மதியம் போதும். ஆமாம் என்றால் மூன்று நிமிட வீடியோ காட்டு, பழகாதவருக்கு உள்ளூர் டிரைவரை ஏற்பாடு செய். இ-பாஸிலும் அதையே செய்யலாம். சேர்க்காததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. கேள்வி கேட்டால் வாடிக்கையாளன் ஓடிவிடுவான் என்ற பயம். என் தொழிலில் அதற்கு மரியாதையான பெயரெல்லாம் வைத்திருக்கிறோம்.

சென்னையில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி எட்டு போட்டோ. சாக்கடையில் உரசியது அடிப்பக்கம் என்பதால் எதிலும் விழவில்லை. முன்பணம் முழுசாகத் திரும்பிவிடும் என்றார் பையன். பிரேக்கைப் பார்க்கச் சொன்னேன், நடந்ததைச் சொன்னேன். அவன் செல்போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

"அதுக்கு இதுல ஆப்ஷன் இல்லையே சார்."

அடுத்த புக்கிங் மதியம் இரண்டு மணிக்கு, ஏற்காடோ என்னவோ என்றான். அவனிடமே பேனா வாங்கி, பெட்ரோல் பில்லின் பின்பக்கம் 'பிரேக் செக் பண்ணாமல் எடுக்காதீர்கள்' என்று எழுதி, ஸ்டியரிங்கில் செருகிவிட்டு வந்தேன்.