உப்பு கண்ணுக்குத் தெரியாது



எங்கள் தெருவில் வேதக்காரர் வீடு நாலைந்துதான். சின்ன வயதிலிருந்து எனக்கு வீட்டில் சொல்லும் புத்தி ஒன்றே ஒன்று. "நாம வேதக்காரவுக. நம்மளப் பாத்துத்தான் நாலு பேரு நம்ம சாமியப் பத்திப் பேசுவாக. நல்லா நடந்துக்க" என்பார் அப்பாயி. நான் ஞாயிறு பூசைக்குத் தவற மாட்டேன். மறைக்கல்வியில் பரிசும் வாங்கியிருக்கிறேன். அதனால் நான் நல்ல முன்மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலாண்டுத் தேர்வு வரைக்கும்!

கணக்குத் தாளைக் கொடுத்த அன்று, "எல்லாரும் கூட்டிப் பாருங்க, தப்பு இருந்தா கொண்டு வாங்க" என்றார் ஆசிரியர். அத்தனை தாள் திருத்தும்போது கூட்டல் தவறுவது சகஜம்தானே. மார்க் குறைந்திருந்தவர்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள். எனக்கு 6 மார்க் கூடுதலாகப் போட்டிருந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். என் பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் 4 மார்க் கூடியிருந்தது. அவள் எழுந்து போய், "சார், எனக்குக் கூட இருக்கு, குறைச்சிருங்க" என்றாள். அவள் தினமும் திருநீறு பூசி வருகிறவள். பைபிளைத் தொட்டுப் பார்த்தது கூட இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இயேசு தம் மலைப் பொழிவில் தம்மைப் பின்பற்றுகிறவர்களை உப்புக்கும் விளக்குக்கும் ஒப்பிட்டார். நாங்கள் விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டோம், உப்பை மறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. விளக்கு எல்லாருக்கும் தெரியும். குழம்பில் கரைந்த உப்பு யார் கண்ணுக்குத் தெரியும்? ஆனால் அது இல்லாவிட்டால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். யாரும் பார்க்காதபோது நாம் எப்படி இருக்கிறோமோ, அதுதான் அந்த உப்பு.

இதற்கு நம் திருச்சிப் பக்கமே ஒரு பெரிய மனிதர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். அவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சி பக்கத்தில் உள்ள குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-இல் வெளியிட்டவர் என்று நாம் படிக்கிறோம். ஆனால் எனக்குப் பிடித்தது அதைவிட அவர் வாழ்க்கைதான்.

அவர் திருச்சி நீதிமன்றத்தில் வேலை பார்த்துப் பிறகு முன்சீப் ஆனார். நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே லஞ்சத்தைக் கண்டித்துப் பாட்டு எழுதினார். தாமே வாங்குகிறவராக இருந்தால் அப்படி எழுதக் கை வருமா? பெண்கள் படிக்க வேண்டும் என்று 'பெண்மதி மாலை' எழுதினார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. ஜனங்கள் பசியால் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அப்போது அவர் தம் கைப்பொருளைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். இதைக் கண்டு மனம் நெகிழ்ந்து அவர் மீது கீர்த்தனை பாடியவர் யார் தெரியுமா? நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார்! அவர் பெரிய சிவபக்தர். இன்னொரு சைவப் பெரியவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இவருக்கு உயிர் நண்பர். இவர் மேல் 'குளத்துக் கோவை' என்று ஒரு நூலே பாடியிருக்கிறார். வேதநாயகம் பிள்ளை 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' எழுதினார். எல்லா மதத்தாரும் பாடலாம் என்பதற்காக!

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். கிறிஸ்தவளாக நல்ல முன்மாதிரி என்றால், கழுத்தில் சிலுவை போட்டுக்கொண்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்வது இல்லை. வேறு சாமி கும்பிடுகிறவர்கள் நம்மை நம்புகிறார்களா? அதுதான் பரீட்சை. மணப்பாறை மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே எதிரில் நிற்பவர் கழுத்தில் சிலுவையா, உருத்திராட்சமா, துளசி மணியா என்று யாராவது பார்க்கிறார்களா? சொன்ன சொல்லைக் காப்பாத்துவானா என்றுதான் பார்க்கிறார்கள்.

"ஒருத்தர் செய்த தப்புக்கு மதத்தையே குறை சொல்வது நியாயமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயம் இல்லைதான். பார்த்து எழுதுகிறவள் எந்தச் சாமி கும்பிட்டாலும் தப்பு தப்புதான். ஆனால் நல்லது செய்யும்போது மட்டும் "நாங்க வேதக்காரவுக" என்று பெருமைப்பட்டுக்கொண்டு, தப்பு செய்யும்போது "அது நான் மட்டும்" என்று ஒதுங்குவதும் நியாயம் இல்லையே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேர்மை எங்கள் மதத்துக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அல்ல. எனக்கு முன்மாதிரி காட்டியது திருநீறு பூசிய ஒரு பெண்தான்.

மறுநாள் காலையிலே தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனேன். கை நடுங்கியது. அவர் திட்டவில்லை. 71-ஐ அடித்துவிட்டு 65 என்று போட்டார். மூன்றாவது ரேங்க் போய் ஐந்தாவது ஆனது. வீட்டில் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்கள். அவ்வளவுதான்.

இதை நல்ல பேர் வாங்குவதற்காக நான் எழுதவில்லை. முதலில் எழுந்து போனவள் நான் இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அவள் பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதுவும் உப்பின் குணம்தானே!

அரையாண்டுத் தேர்வுத் தாள் வரும்போது நாம் எல்லாரும் கூட்டிப் பார்ப்போம். குறைந்திருந்தால் மட்டும் அல்ல, கூடியிருந்தாலும் எழுந்து போவோம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மருங்காபுரி.