உப்புத் தின்றவர் யார்?

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பர். தாய் தின்ற உப்புக்குப் பிள்ளை தண்ணீர் குடிக்க நேரலாம் என்று விஞ்ஞானம் இன்று அப்பழமொழிக்குப் புத்துரை எழுதுகின்றது. பிறப்பு நிறை குறைந்தோரிடத்துப் பிற்காலத்தில் இதயநோய் மிகுவதை டேவிட் பாக்கர் என்னும் ஆங்கில மருத்துவர் 1989இல் எடுத்துக்காட்டியபின், கருவறையிலேயே நோயின் வித்து ஊன்றப்படலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. சூல்கொண்ட எலிகளுக்கு மிகையுப்பு ஊட்டிய பரிசோதனைகள் பலவற்றில் குட்டிகளின் குருதியமுக்கம் உயர்ந்தது. சிறுநீரக வளர்ச்சியும் பழுதுற்றது. எலி மனிதரன்று. ஆயினும் எச்சரிக்கை எச்சரிக்கையே.

இதனை மறுக்க நான் வரவில்லை. கலைப்பீட மாணவனுக்கு அத்தகுதியுமில்லை. அவ்வெச்சரிக்கை நம் வீடுகளுள் நுழையும்போது கொள்ளும் வடிவத்தோடுதான் என் வழக்கு.

கொட்டாஞ்சேனையில் என் தமக்கை கருவுற்றிருந்தபோது அவள் பாதங்கள் வீங்கின. "உப்பைக் குறையுங்கள்" என்றனர் கிளினிக்கில். அவ்வளவே. மாமியார் அதனைக் கட்டளையாகக் கொண்டு கறிச்சட்டியிலிருந்து உப்பை அறவே விலக்கினார். "உன்ர பிள்ளைக்காகத்தான் சொல்லுறன், பொறுத்துக்கொள் பிள்ளை" என்றார். உப்பில்லாச் சோறு தொண்டையில் இறங்காத தமக்கை, வேலைக்குப் போகும் வழியில் பாணும் ரோல்ஸும் வாங்கித் தின்றாள். இரவு களைத்து வந்து நூடில்ஸ் அவித்தாள். ஒரு பொட்டல நூடில்ஸிலேயே ஒருநாள் உப்பின் பாதி அடங்கிவிடுவதுண்டு. சட்டியினின்று துரத்திய உப்பு பொட்டலத்தின் வழியே வீடு திரும்பியது!

உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. 2012இல் அளந்தபோது நம் நாட்டு வளர்ந்தோர் உண்டது 8 கிராமுக்கு மேல். இம்மிகுதி முழுவதும் தாய்மாரின் கைப்பிடியிலிருந்தா விழுந்தது? பொட்டலங்களுக்கு உப்பின் அளவைக் காட்டும் நிறக்குறி வேண்டுமென 2019இல் ஒழுங்குவிதி வந்தது. வெள்ளவத்தைக் காலி வீதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய ரோல்ஸுக்கும் பற்றிஸுக்கும் எந்நிறம்? ஒற்றை அடுப்போடு வாடகை அறையில் வாழும் கர்ப்பிணி எதைப் பார்த்துத் தெரிவாள்?

உப்பை முற்றாக ஒழித்தல்தான் மருத்துவமோவெனில், அதுவுமன்று. 1958இல் மாகரெட் றொபின்சன் லண்டனில் ஏறத்தாழ 2000 கர்ப்பிணிகளிடை நடாத்திய ஆய்வில், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டோரிடமே கர்ப்பகால நஞ்சேற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. அந்நோயை உப்புக்குறைப்புத் தடுக்குமெனப் பிந்திய ஆய்வுகளும் நிறுவவில்லை. மேலும், நம் சமையலுப்பில் அயடீன் சேர்க்கப்படுகின்றது. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்கிரோகிராம் அயடீன் வேண்டும். சிசுவின் மூளை அதனால் வளர்வது. அடுப்பங்கரை உப்பை அறவே நிறுத்தி, கருவாட்டையும் ஊறுகாயையும் பொட்டலத்தையும் விட்டுவைப்பது எவ்வகைப் பத்தியம்?

"உப்பைக் குறை" என்னும் இரு சொல்லை உரைப்பவர், எவ்வுப்பை, எவ்வளவு என்பதையும் உரைக்கட்டும்; கணவனையும் மாமியாரையும் அழைத்து வைத்து உரைக்கட்டும். பேக்கரி முதலாளியிடமும் அதே குரலில் உரைக்கட்டும்.

தமக்கையின் மகனுக்கு இப்போது இரண்டு வயது. அவனுக்குக் குருதியமுக்கம் அளந்தவர் எவருமிலர். ஆயினும் அவன் காய்ச்சலில் கிடந்தாலும் சரி, அடம்பிடித்து அழுதாலும் சரி, "எல்லாம் தாய் திண்ட உப்பு" என்கிறார் மாமியார்.