வடசென்னையில் முதல் டெண்டர் மண்ணுக்கு விடுங்கள்

எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி செய்கிறது. திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். டயர் செய்கிறது. மணலியில் 1969 முதல் இயங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதாவது இன்றைய சி.பி.சி.எல்., பெட்ரோல், டீசலோடு தாரும் எடுக்கிறது. லாரி, டயர், தார் மூன்றும் சில கிலோமீட்டருக்குள் உற்பத்தியாகிற வட்டாரத்தில், அவை மூன்றும் ஒன்றுசேருகிற சாலை மட்டும் ஒரு மழைக்காலத்தைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

காரணம் கேட்டால் டீக்கடையிலேயே பதில் கிடைத்துவிடும்: தாரைக் குறைத்துவிட்டார்கள், கமிஷன் போய்விட்டது. அந்தச் சந்தேகம் எப்போதும் பொய் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கமிஷனே வாங்காத அதிகாரியும் தாரைக் குறைக்காத ஒப்பந்ததாரரும் சேர்ந்து போட்டாலும், மணலியிலும் எண்ணூரிலும் பல இடங்களில் சாலை அமுங்கத்தான் செய்யும். அங்கே பிரச்சினை தாரில் இல்லை, தாருக்கு ஒரு மீட்டர் கீழே தொடங்குகிறது.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி ஓடுவது ஒடுங்கிய மணல் பட்டை. சாலைக்கு மணல் மோசமான அடித்தளம் அல்ல. இறுக்கினால் இறுகும், தண்ணீரை உடனே விட்டுவிடும். அங்கே எதிரி கடல். 1876-இல் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் துறைமுகச் சுவரில் தடைபட்டது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் கரை அரிக்கப்பட்டது. கருங்கல் தடுப்பும் கடலுக்குள் நீளும் கல் திட்டுகளும் அந்தச் சாலையை ஏதோ பிடித்து வைத்திருக்கின்றன.

மணல் பட்டையை விட்டு மேற்கே போனால் நிலமே வேறு. பக்கிங்காம் கால்வாயின் முதல் துண்டு, 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்ட கொக்ரேன் கால்வாய். அதை வெட்ட வசதியாக இருந்தது எதுவோ, அதுதான் இன்று சாலைக்குத் தொல்லை: தாழ்வான உப்பங்கழி, கொசஸ்தலையாறு கொண்டுவந்து படியவைத்த களி, உப்பளம். இந்தக் களியில் தண்ணீர் வெளியேற இடமின்றி அடைபட்டுக் கிடக்கிறது.

மண்ணின் வலுவை அளக்கச் சாலைப் பொறியாளர்கள் நம்பும் சோதனை ஒன்று உண்டு. 1920களின் இறுதியில் கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் பிறந்ததால் கலிபோர்னியா பேரிங் ரேஷியோ என்று பெயர், ஆய்வகத்தில் சி.பி.ஆர். என்றால் போதும். மண்ணை இரும்பு உருளைக்குள் இடித்து நிரப்பி, நான்கு நாள் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டை, நிமிடத்துக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் வேகத்தில் அதற்குள் அழுத்துவார்கள். உடைத்த ஜல்லிக்குள் அதே ஆழம் இறங்கத் தேவையான விசையில் எத்தனை சதவீதம் இந்த மண்ணுக்குப் போதும் என்பதே விடை. நல்ல கிராவல் மண் 10-க்கு மேல் வாங்கும். கடலோரக் களி 2-ஐத் தொடுவதே அரிது. நான்கு நாள் ஊறல் என்பது பொள்ளாச்சி மண்ணுக்குக் கடுமையான சோதனை. எண்ணூர் மண்ணுக்கு அது அன்றாட வாழ்க்கை.

இந்த எண்ணுக்கு எவ்வளவு விலை என்பதை இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 37-ஆம் வழிகாட்டியில் பார்க்கலாம். அதன் 2001 பதிப்பின்படி, ஒரு கோடி தர அச்சுச் சுமைகளைத் தாங்க வேண்டிய சாலைக்கு, சி.பி.ஆர். 10 உள்ள மண்ணில் மொத்தம் 540 மில்லிமீட்டர் கனம் போதும். சி.பி.ஆர். 2 என்றால் 850. போக்குவரத்து அதே, லாரி அதே, கனம் மட்டும் ஏறக்குறைய ஒரு அடி கூடுகிறது. 2018 பதிப்பு இன்னும் கறார்: நாளொன்றுக்கு 450-க்கு மேல் வணிக வாகனம் ஓடும் சாலையின் அடிமண்ணுக்குக் குறைந்தது 5 சதவீத வலு வேண்டும். வடசென்னைத் துறைமுகச் சாலைகளில் 450 என்பதெல்லாம் விடிவதற்குள் முடிந்துவிடும் கணக்கு.

சரி, அரை மீட்டர் களியைத் தோண்டி எடுத்துவிட்டு நல்ல கிராவல் போட்டால் தீர்ந்ததா? பாதிதான் தீர்ந்தது. பலர் குழம்பும் இடமும் இதுதான். லாரிச் சக்கரத்தின் அழுத்தம் ஆழம் போகப் போகக் கரைந்துவிடும். மாற்றிப் போட்ட கிராவல் அதைச் சமாளிக்கும். ஆனால் வெள்ளத்துக்குப் பயந்து சாலையை உயர்த்தப் போடும் மண்மேட்டின் எடை, களியின் அடிவரை இறங்கும். அந்த எடையில் களிக்குள் இருக்கும் நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும். வெளியேறிய அளவுக்கு நிலம் தாழும். 1925-இல் கார்ல் டெர்சாகி இதற்குக் கணக்கு எழுதினார். நீர் வெளியேற நடக்க வேண்டிய தூரம் இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். பல மீட்டர் கனமுள்ள களியில் இது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மெத்தைமேல் கோரைப்பாயை விரித்துவிட்டு, பாய் ஏன் குழிகிறது என்று பாய்க்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

பாலமும் சாலையும் சேரும் இடத்தில் லாரி ஒரு குதி குதிக்கிறதே, அதுவும் இதனால்தான். பாலம் ஆழமான பைல்மேல் நிற்கிறது, இறங்காது. அணுகுசாலை களிமேல் நிற்கிறது, இறங்கிக்கொண்டே இருக்கும். மழைவிட்ட மறுநாள் தார் விரிசல்களில் சாம்பல் நிறச் சேறு கசிவதைப் பார்த்திருக்கலாம். ஒவ்வொரு சக்கரமும் ஏறி இறங்கும்போது அடிமண் ஜல்லிக்குள் உறிஞ்சப்பட்டு மேலே வருகிறது. அப்படிச் சேறு ஏறிய ஜல்லி ஜல்லியே அல்ல; அதன்மேல் புதுத் தார் போடுவது வீண்செலவு.

வீண் மட்டுமல்ல, கேடும்கூட. 50 மில்லிமீட்டர் தார்க் கலவை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 117 கிலோ. நான்கு முறை மேலே மேலே போட்டால் சதுர மீட்டருக்கு அரை டன்னை நெருங்கும். அமுங்கியதால் போட்ட தாரே அடுத்த அமுங்கலுக்குச் சுமையாகிறது. சாலை உயர்ந்து வீடுகள் தெருவுக்குக் கீழே போவதைத் தடுக்க, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாது என்பதற்காகப் பிறந்த உத்தரவு, களிமண் பகுதிகளில் சாலைக்கும் நல்லது. அதை மில்லிங் எந்திரத்தின் படத்தோடு நிறுத்தாமல் தெருத் தெருவாகச் செய்ய வேண்டும்.

இனி மேலே ஓடும் சுமை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் லாரிகளை ஓயாமல் ஓட்டிச் சாலைகளைச் சோதித்தார்கள். அதிலிருந்து கிடைத்த விதி: அச்சுச் சுமை கூடினால் சேதம் அதன் நான்காம் படியில் கூடும். 2018-இல் மத்திய அரசு, நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சின் அனுமதிச் சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. சுமை எட்டில் ஒரு பங்குதான் கூடியது. நான்காம் படிக் கணக்கில் சேதம் 60 சதவீதத்துக்கு மேல். லாரி உரிமையாளருக்கு லாபம், சாலைக்கு மட்டும் யாரும் அறிவிக்காத வெட்டு.

அந்தக் கணக்கில்கூட லாரி ஓடிக்கொண்டிருக்கிறது; இங்கே அது நிற்கிறது. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் துறைமுக கேட்டை நோக்கி மணிக்கணக்கில் நிற்பது ஊரறிந்த காட்சி. தார் வெயிலில் இளகும். வேகமாகக் கடக்கும் சுமைக்கு விறைப்பாக நிற்கும், நின்றுகொண்டிருக்கும் சுமைக்கு வளைந்து கொடுக்கும். மே மாதத்து மதியத்தில் நிற்கும் டிரெய்லர் வரிசை, சாலையில் டயர்த் தடத்தைப் பள்ளமாக அழுத்திவிடும். கடினமான வி.ஜி.-40 ரகத் தார் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். லாரி வழக்கமாக நிற்கும் நீளத்துக்குக் கான்கிரீட் போடுவதே நியாயம். அதைவிட மலிவான வழி, கேட்டில் வேகமாக உள்ளே விடுவது. துறைமுக நிர்வாகத்தின் தாமதத்துக்கான பில்லைச் சாலைத் துறை கட்டிக்கொண்டிருக்கிறது.

மண்ணுக்கு மருந்து இல்லாமல் இல்லை. நூறு மில்லிமீட்டர் அகலமும் சில மில்லிமீட்டர் கனமும் உள்ள பிளாஸ்டிக் வடிகால் நாடாவை, வடிகட்டும் துணி சுற்றி, எந்திரத்தால் களியின் அடிவரை இறக்குவார்கள். ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. இப்போது நீர் பல மீட்டர் நடக்க வேண்டாம். பக்கத்து நாடாவரை ஒரு மீட்டருக்குள் நடந்தால் போதும். மேலே மணல் விரித்து, சாலையின் எடைக்கும் கூடுதலாக மண்ணைக் குவித்துக் காத்திருக்க வேண்டும். ஆண்டுகள் மாதங்களாகச் சுருங்கும். புதைத்து வைத்த இரும்புத் தகட்டின் மட்டத்தை அவ்வப்போது அளந்து, இறக்கம் அடங்கிய பிறகே குவித்த மண்ணை எடுத்துவிட்டு ஜல்லி, தார். கொச்சியில் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக்கான 17 கிலோமீட்டர் சாலை இத்தகைய களிமேல்தான் போடப்பட்டது. நாடாவும் இறக்கினார்கள், மண்ணும் குவித்தார்கள். அப்படியும் சில இடங்களில் சாலை இறங்கியது. வைத்தியம் செய்த இடத்திலேயே இந்தக் கதி என்றால், வைத்தியமே பார்க்காத இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு வேறு கையிருப்பும் உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனின் பிளாஸ்டிக் தார்ச் சாலை உலகப் புகழ் பெற்றது. மேலிருந்து இறங்கும் நீரை அது நன்றாகத் தடுக்கும். கீழே இருக்கும் நீருக்கு அது பதில் அல்ல. அதற்குப் பொருத்தமானது தென்னைநார். களிக்கும் ஜல்லிக்கும் நடுவே தென்னைநார் விரிப்புப் போட்டால் சேறு மேலேறாது. அது சில ஆண்டில் மக்கிவிடும், அதற்குள் மண் இறுகிவிடும். 2020-இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் 1,674 கிலோமீட்டருக்குத் தென்னைநார் விரிப்பு ஒதுக்கப்பட்டது, அதில் தமிழ்நாட்டின் பங்கு 369. அனல்மின் நிலையச் சாம்பலும் உண்டு. சாதாரண மண்ணைவிட எடை குறைவு என்பதால் களிமேல் மேடு கட்ட ஏற்றது. தில்லியில் இரண்டாம் நிஜாமுதீன் பாலத்தின் அணுகுசாலை அப்படிக் கட்டப்பட்டதுதான். ஆனால் கொசஸ்தலையாற்றில் சாம்பல் கலந்து மீனவர்கள் பட்ட பாட்டை அறிந்த எண்ணூரில், நாலு பக்கமும் மண் போர்த்தி, நீர் கசியாமல் கட்டினால்தான் அதற்கு அனுமதி தர வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் இல்லை என்பதுதான் வழக்கமான பதில். எண்ணூர்-மணலிச் சாலை மேம்பாட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், தமிழ்நாடு அரசு நான்கும் சேர்ந்த நிறுவனம். 1990களின் பிற்பகுதியில் பேச ஆரம்பித்தது, 2011-இல்தான் வேலை தொடங்கியது. கோப்புக்குப் பத்தாண்டுக்கு மேல் கொடுக்க முடிந்தவர்களுக்கு, மண்ணுக்கு ஒன்பது மாதம் கொடுக்க முடியாதா?

எனவே டெண்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலாவது மண்ணுக்கு: துளையிட்டுச் சோதிப்பது, வடிகால், சுமை ஏற்றிக் காத்திருப்பது. அது முடிந்து, அளவீடுகள் சரி என்று ஐ.ஐ.டி. போன்ற வெளியார் ஒருவர் கையெழுத்திட்ட பிறகே தாருக்கு இரண்டாவது. எண்ணூர்த் துறைமுகத்தில் தொடங்கி மாமல்லபுரம் அருகே முடியும் 133 கிலோமீட்டர் சென்னை எல்லைச் சாலைக்கு ஜப்பானின் ஜைகா கடன் கொடுக்கிறது. அதன் முதல் பகுதி எண்ணூரிலிருந்து தச்சூர் வரை, ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அந்தப் பகுதியின் மண் சோதனை முடிவுகளையும் தகட்டு அளவீடுகளையும் மாதாமாதம் தமிழில் நெடுஞ்சாலைத் துறை தன் இணையதளத்தில் வெளியிடட்டும். வடசென்னையின் எம்.எல்.ஏ.க்களும் கவுன்சிலர்களும் அடுத்த முறை சாலை கேட்டு மனு கொடுக்கும்போது, தார் எத்தனை இஞ்ச் என்பதோடு அடியில் சி.பி.ஆர். எத்தனை என்றும் கேட்கட்டும்.