மகேஷ் சந்திரரின் ஆட்டம்

1987-ம் வருஷம் ஸ்ரீ விசுவநாதன் ஆனந்த் பிலிப்பைன்ஸ் தீவுகளிலுள்ள பாகியோ நகரில் உலக ஜூனியர் சதுரங்கப் பட்டத்தைப் பெற்றார். அப்பட்டம் இந்தியர் ஒருவருக்குக் கிட்டியது அதுவே முதல் தடவை. 2025-ம் வருஷம் மார்ச்சு மாதம் மாண்டினீக்ரோ தேசத்துப் பெட்ரோவாக்கில், 11 ஆட்டங்களில் 9 புள்ளிகளுடன் சென்னை வாலிபர் ஸ்ரீ வெ. பிரணவ் அதே பட்டத்தை அடைந்தார். தமிழர் பெருமை கொள்வது இயல்பே. மாலை சூட்டிப் படம் பிடித்துக் கொண்டதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணுவோருக்கு மட்டும் ஒரு வார்த்தை.

தொடக்க முறைகளை நன்கு பயிலாத பிள்ளை, எத்துணை மேதையாயினும், இத்தகைய பந்தயங்களில் பாதி ஆட்டத்திற்குள் திணறிப் போவான். அம்முறைகளுள் ஒன்று குருன்பெல்டு தற்காப்பு. வெள்ளைக் காலாட்கள் பலகையின் நடுவில் வந்து கொலுவிருக்கக் கறுப்பு இடங்கொடுக்கும். பின்னர் ஓரத்தில் நிறுத்திய மந்திரியைக் கொண்டு அந்த நடுவையே தகர்க்கும். 1956-ல் பதின்மூன்று வயதுச் சிறுவனாயிருந்த பாபி பிஷர் நியூயார்க்கில் உலகை அதிசயிக்கச் செய்த ஆட்டம் இம்முறையிலமைந்ததே. 1922-ல் இதைக் கையாண்ட வியன்னா நிபுணர் எர்னஸ்டு குருன்பெல்டின் பெயரே இதற்கு வழங்குகிறது.

ஆனால் 1855-லேயே, மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி, ஜான் காக்ரேன் என்னும் பாரிஸ்டருக்கு எதிராக இதே நகர்த்தல்களை ஆடியிருக்கிறார். நமது பழைய சதுரங்கத்தில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். அந்தப் பழக்கமே மந்திரியை ஓரத்தில் நிறுத்தும் இம்முறைக்கு வித்தாயிருக்க வேண்டுமென்பர். அன்று மகேஷ் சந்திரர் தோற்றார். காக்ரேனின் குதிரை அவருடைய ராஜாவை அசைய இடமின்றி மடக்கிவிட்டது. தோற்றவருடைய முறை பிழைத்தது, பெயர்தான் பிழைக்கவில்லை. குருன்பெல்டின் உழைப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. காக்ரேனுடன் ஆடியவர் யாரென்று நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

நிற்க. 2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. சென்னையிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் பழைய சாலை நாவலூரின் ஊடே போகிறது. அந்த நாவலூரில் ஆங்கிலம் அறியாத பள்ளிச் சிறுவன் ஒருவன் இத்தொடக்க முறையைக் கற்க விரும்பினால் அவன் கையில் எந்தத் தமிழ் நூலைக் கொடுப்பது? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி ஆசிரியர் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு. மற்றவனுக்கு மேதாவிலாசம் ஒன்றே மூலதனம். சர்க்காரும் தமிழ்நாடு சதுரங்கக் கழகமும் சேர்ந்து, தொடக்க முறைகளைத் தெளிந்த தமிழில் அச்சிட்டு, ஊர் நூலகந்தோறும் பலகையும் காய்களுமாக வைக்க வேண்டும். நாவலூரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு பாராட்டு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவுகூட அதற்கு ஆகாது.