ஒரு பம்பருக்குக் குரோம் போடுவதற்குள்

பழைய அம்பாசடரைப் புதுப்பிக்க இறங்கியவனை எல்லோரும் இன்ஜினைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். இன்ஜின் ஒரு தொல்லையே இல்லை. பிஸ்டன், வால்வு, பேரிங் என்று எதைக் கேட்டாலும் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் யாராவது தேடி எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். உத்தர்பாரா ஆலையில் 2014-இல் உற்பத்தி நின்ற பிறகும் அந்த வண்டிக்கு மெக்கானிக் பஞ்சமில்லை. தகரம் தட்ட ஆள் உண்டு, பெயின்ட் அடிக்க ஆள் உண்டு. குரோம் போடத்தான் நாதி இல்லை.

என்னுடையது மார்க் 2, சதுரங்கக் கட்டம் போட்ட கிரில் வைத்து 1962-இல் வந்த மாடல். பம்பர், ஓவர்ரைடர், ஹெட்லைட் ரிம், வீல் கப், கதவுக் கைப்பிடி என்று பளபளக்க வேண்டிய சாமான்களுக்குக் குறைவே இல்லை. அவற்றைச் சுமந்துகொண்டு பிளேட்டிங் பட்டறை வாசலில் நின்றால் முதல் கேள்வி, "எத்தனை பீஸ் சார்?" ஆயிரக்கணக்கில் குழாய்ச் சாமான்கள் வந்து போகிற இடம் அது. ஒற்றை பம்பர் என்றதும் முகம் மாறிவிடுகிறது. தொட்டி நீளம் பத்தாது என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். பாதியை முக்கி எடுத்து, திருப்பிப் போட்டு மீதியை முக்கித் தருவதாக ஒருவர் சொன்னார். நடுவில் கோடு விழாதா என்று கேட்டேன். "அங்கதான் நம்பர் பிளேட் வந்துடுமே சார்!"

குரோம் போடுவது என்று பேர்தான். அதில் குரோமின் பங்கு கடைசிச் சில நிமிடங்கள். முதலில் பழைய முலாமை முழுக்க உரிக்க வேண்டும். துரு தின்ற பள்ளங்களைத் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். பிறகு தாமிரம், பாலிஷ். பள்ளம் இன்னும் தெரிந்தால் மறுபடி தாமிரம், மறுபடி பாலிஷ். அதன்மேல் நிக்கல். வெயிலிலும் மழையிலும் ஓடுகிற வண்டிக்கு அது 30 மைக்ரானாவது ஏற வேண்டும். மேலே வரும் குரோம் அரை மைக்ரான்கூடத் தேறாது. நிக்கல் மங்காமல் பார்த்துக்கொள்வதும் அந்த நீலச் சாயலைத் தருவதும்தான் அதன் வேலை. இரும்பைத் துருவிலிருந்து காப்பது நிக்கல். குரோம் பள்ளத்தையும் நிரப்பாது, கீறலையும் மறைக்காது. அடியில் நடந்த வேலையின் லட்சணத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

பட்டறையில் நடப்பதோ ஆசிடில் ஒரு முக்கு, பஃப் வீலில் ஒரு தேய்ப்பு, நிக்கல் பேருக்கு, பிறகு நேராகக் குரோம். வாங்கும்போது கண்ணைப் பறிக்கத்தான் செய்கிறது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள். விரலால் தடவினால் சொரசொரப்பு. போய்க் கேட்டால், "பழைய இரும்பு சார், அப்படித்தான் இருக்கும்." இரும்பு அறுபது வருஷம் தாங்கியிருக்கிறது. இவர் போட்ட முலாம் ஓர் ஐப்பசியைத் தாங்கவில்லை.

கதவுக் கைப்பிடி கதை இதைவிட மோசம். அது துத்தநாகக் கலவையில் வார்த்த டை காஸ்டிங் சாமான். இரும்புக்கு வைத்திருக்கும் ஆசிடில் அதையும் போட்டால் துத்தநாகம் நுரைத்துக் கரையும். என் கைப்பிடி திரும்பி வந்தபோது கொப்புளம் இருந்த இடமெல்லாம் குழி. குழியைப் போக்க பஃப் வீலில் அழுத்திப் பிடித்ததில், கூர்மையாக ஓடிய விளிம்பு மழுங்கிவிட்டது. சாவித் துவாரத்தின் வட்டம் ஒருபக்கம் இழுபட்டு முட்டை வடிவமாகிவிட்டது. "பளபளன்னு இருக்கே சார்" என்கிறார். இருக்கிறதுதான். இந்தச் சின்னச் சாமான்கள் கட்டிய கம்பியிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தாலும் போனது போனதுதான். ஆசிடுக்குள் யார் கைவிடுவார்கள்?

பட்டறைக்காரர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. குரோம் தொட்டியில் இருக்கும் குரோமிக் ஆசிட் விளையாட்டுச் சமாசாரம் கிடையாது. அதிலிருக்கும் அறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் வரவழைப்பது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலைச் சிவப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து தனி அனுமதி இல்லாமல் அந்த ஆசிடுக்கு மூலப்பொருளான குரோமியம் ட்ரைஆக்சைடைத் தொடவே முடியாது. குரோமியம் என்ன செய்யும் என்பதற்கு நாம் அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமேடு லட்சக்கணக்கான டன். அது நிலத்தடி நீரை என்ன பாடு படுத்தியது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் போதும். கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பணம் போடுகிறவர் என் ஒற்றை பம்பருக்காகத் தொட்டியைக் காலியாக வைத்திருக்க மாட்டார். சரிதான்.

அப்படியானால் முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதானே? "புதுசாட்டம் ஆக்கித் தர்றேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டு பூசி மெழுகித் தருவானேன்? பாலிஷ் வேலைக்கு இவ்வளவு, தாமிரத்துக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லிக் கூடுதலாகவே கேட்கட்டும், கொடுக்கிறேன். பழைய வண்டிக்காரர்களையும் சொல்ல வேண்டும். பெயின்ட்டுக்கு லட்சம் செலவழித்துவிட்டு, பம்பரைக் கொண்டுபோய் "பார்த்துப் போட்டுக் கொடுப்பா" என்று பேரம் பேசுகிறோம். பேரத்தில் குறைத்த காசை அவர் நிக்கலில் குறைத்துக்கொள்கிறார்.

பட்டறைக்காரர்களே, எனக்கு 'புதுசாட்டம்' வேண்டாம். நிக்கல் எத்தனை மைக்ரான் என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை. பின் பம்பர் இன்னும் கழற்றியபடியேதான் இருக்கிறது, உங்களிடமே கொண்டுவருகிறேன்.